சின்சில்லாக் குட்டி ஏன் சிறுத்திருக்கிறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொழும்பில் ஒரு கடையில் சாம்பல் நிறச் சின்சில்லாக் குட்டி (எலி இனத்து, அடர்ந்த மயிர்ப் பிராணி) வாங்கினோம். மூன்று மாதக் குட்டி என்று சொல்லித்தான் தந்தார்கள். யாழ்ப்பாணம் கொண்டுவந்து பத்து நாளாகிறது. அடுப்படித் தராசில் வைத்தால் 190 கிராம்தான் காட்டுகிறது. இரவில் துள்ளி விளையாடுகிறது. பகலில் சீமெந்துத் தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிடும். கச்சானும் வாழைப்பழமும் கொடுத்தால் தேறும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. இது நோயா, சத்துக் குறைவா? *(வாசகி, கோப்பாய்)*

பதில்: கடையில் சொன்ன வயதில்தான் எங்களுக்கு முதற் சந்தேகம். சின்சில்லாக் குட்டி பிறக்கும்போது 30 முதல் 60 கிராம் வரை இருக்கும். பால் மறக்கும் எட்டாவது கிழமையில் 200 கிராமை ஒட்டி நிற்கும். மூன்று மாதத்தில் பொதுவாக 250 முதல் 350 கிராம் வரும். நன்றாக வளர்ந்தது 400 முதல் 600 கிராம். பெட்டை கடுவனை விடச் சற்றுப் பெரிது. உங்கள் 190 கிராம் ஆறேழு கிழமைக் குட்டியின் எடையோடுதான் ஒத்துப்போகிறது. பால் மறக்க முன்னமே பிரித்து, வயதைக் கூட்டிச் சொல்லி விற்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. வயது சரி என்றே வைத்தாலும், ஒரே ஈற்றில் மூன்று குட்டி பிறந்திருந்தால், அல்லது தாய் சிறிய உருவமென்றால், குட்டியும் சிறுத்தே வளரும். 400 கிராமில் நின்றுவிட்ட சின்சில்லாவும் பத்துப் பதினைந்து வருடம் வாழும்.

எடை எவ்வளவு என்பதை விட, எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு தேவை. மேலே ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வைத்துப் பூச்சியமாக்கி, குட்டியை அதற்குள் விட்டு நிறுங்கள். நாளும் ஒரே நேரத்தில், மாலைத் தீன் வைக்க முன்னம் நிறுப்பது நல்லது. முதல் இரண்டு கிழமை நாளாந்தம், பிறகு கிழமைக்கு ஒரு தரம் போதும். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையில் ஐந்தாறு கிராம் கூடிக் குறையும். அது வயிற்றில் கிடக்கும் தீனும் சிறுநீரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு கிழமையைச் சேர்த்துப் பார்க்கும்போது இந்த வயதுக் குட்டி பத்துப் பதினைந்து கிராமாவது ஏறியிருக்க வேண்டும். இரண்டு கிழமை அப்படியே நின்றால் காரணம் தேடுங்கள். 170 கிராமுக்கு இறங்கினால், அதாவது பத்தில் ஒரு பங்கு போய்விட்டால், அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போங்கள். பார்வையை நம்பாதீர்கள். இந்த மயிர் அடர்த்திக்குள் எலும்பும் தோலுமான குட்டிகூடப் பந்தாகத்தான் தெரியும். விரலை மயிருக்குள் விட்டு முதுகெலும்பைத் தடவுங்கள். எலும்பு கூராக இடறினால் மெலிவு.

எடையை விட எங்களுக்குக் கவலை தருவது, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் இன்னொன்று: பகலில் சீமெந்துத் தரையில் நீட்டி நிமிர்ந்து படுக்கிறது. ஆறுதலாக உறங்கும் சின்சில்லாவும் சில வேளை பக்கவாட்டில் சாயும் என்றாலும், யாழ்ப்பாணத்தில் இதை வெக்கை என்றே எடுக்க வேண்டும். அந்தீஸ் மலையின் குளிரான, வறண்ட சரிவுகளில் வாழ்ந்த பிராணி இது. ஒரு மயிர்க்குழியிலிருந்து ஐம்பது, அறுபது மயிர் முளைக்கும். வியர்க்காது. அதற்கு உகந்த வெப்பநிலை 10 முதல் 20 பாகை செல்சியஸ். 25ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. வளர்ப்பாளர்களிடம் ஒரு கணக்கு உண்டு. பரனைற் பாகையையும் ஈரப்பதன் வீதத்தையும் கூட்டினால் 150க்குக் கீழே இருக்க வேண்டும். நம் ஊரில் 30 பாகை செல்சியஸ் என்றால் 86 பரனைற். ஈரப்பதன் 75 என்றால் கூட்டுத்தொகை 161. இது சித்திரை வெயிலுக்குப் போடும் கணக்கல்ல, சாதாரண நாளுக்கு. மார்கழி, தை மாதத்து வாடைக் காற்றிலும் நம் இரவுகள் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அருமை.

ஃபான் உதவாது. வியர்வையை உலர்த்தித்தான் ஃபான் நம்மைக் குளிரச் செய்கிறது. வியர்க்காத பிராணிக்கு அது வெறும் சூடான காற்று. வெக்கையில் குட்டி காய்ந்த புல்லை வெறுக்கும். புல் உள்ளே போகாவிட்டால் குடல் மந்தமாகும், பல் தேயாது, எடை நிற்கும். நோய் எதுவுமில்லாமலே குட்டி வளராமல் நிற்பதற்கு இந்த ஒரு வழி போதும்.

ஆகவே உணவைப் பற்றி யோசிக்க முன்னம் அறையைச் சரிசெய்யுங்கள். ஏசி 24 மணி நேரமும் 20 பாகையில் ஓட வேண்டும். கூட்டின் மேல் நேரே காற்று விழக் கூடாது. ஏசியின் திரையில் தெரியும் இலக்கத்தை நம்பாமல், வெப்பமானியும் ஈரப்பதமானியும் சேர்ந்த சிறு கருவியைக் கூட்டின் உயரத்திலேயே தொங்கவிடுங்கள். ஈரப்பதன் 50க்கு மேல் போகாமல் பாருங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுவதும் மின்சாரம் போனது நினைவிருக்கும். ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் நாலைந்தை எப்போதும் உறைநிலையில் வைத்திருங்கள். மீன் வியாபாரிகள் பாவிக்கும் தடித்த ரெஜிபோம் பெட்டியில் புதிதாக ஒன்று வாங்கி, ஒரு முனையில் துணி சுற்றிய போத்தலை வையுங்கள். மறுமுனையில் தரைக்குப் பதிக்கும் ஓடு ஒன்றும் காய்ந்த புல்லும். மூடியைப் பாதி திறந்து, காற்றோட்டத்துக்கு வலை போட்டு, குட்டியை அதற்குள் விட்டால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். குட்டி ரெஜிபோமைக் கடித்து விழுங்காமல் உட்பக்கத்துக்குத் தகரம் அடிக்க மறக்காதீர்கள்.

காது சிவந்து சுடுகிறது, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, எச்சில் வடிகிறது, எழும்ப மாட்டேன் என்கிறது என்றால் அது வெப்பத் தாக்கு. குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோய், சாதாரணக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் காதையும் பாதங்களையும் துடைத்துக்கொண்டே வைத்தியரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. திடீரென இரத்தக்குழாய் சுருங்கினால் உள்ளிருக்கும் சூடு வெளியேறாது.

இனி உணவு. அக்காவின் அன்புக்குக் குறை சொல்ல முடியாது. கச்சானும் வாழைப்பழமும் மட்டும் வேண்டாம். கச்சானின் கொழுப்பு ஈரலைக் கெடுக்கும், பழத்தின் சீனி குடலில் வாயுவைக் கிளப்பும். சின்சில்லாவால் வாந்தி எடுக்க முடியாது. வயிறு ஊதினால் உயிர் போகும். முந்திரிகை வத்தல், பனாட்டு, பிஸ்கட் எல்லாம் இதே கணக்குத்தான். கோழித் தீனும் வேண்டாம். மாச்சத்து அதிகம், நார் குறைவு, கோழிக்கான மருந்து கலந்தும் வரும்.

முக்கிய உணவு காய்ந்த புல், எந்நேரமும், அளவில்லாமல். இறக்குமதித் திமோதிப் புல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நம் அறுகம்புல்லே போதும். அமெரிக்காவில் பெர்முடா என்ற பெயரில் காயவைத்து விற்கும் புல்லும் இதுதான். பூக்க முன்னம் அறுத்து, நிழலில் மூன்று நாலு நாள் பரப்பி, தண்டு மடிக்கும்போது முறிகிற பதத்தில் துணிப்பையில் கட்டிவையுங்கள். களைநாசினி அடிக்கும் வயல் வரம்பிலும் தெருவோரத்திலும் அறுக்க வேண்டாம். மாரியில் பூஞ்சணம் பிடித்த கட்டைத் தயங்காமல் எறியுங்கள். வைக்கோல் வயிற்றை நிரப்பும், குட்டியை வளர்க்காது. விதையும் வண்ணத் துண்டுகளும் கலக்காத வெறும் சின்சில்லாப் பெலற் (அழுத்திய குச்சித் தீன்) நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி, குட்டி விடாமல் தின்றால் இரண்டு. ஆறு மாதம் வரை கொஞ்சம் அல்பால்பாவும் (காய்ந்த குதிரை மசால்) சேர்க்கலாம். கடையில் பழகிய தீனைச் சட்டென நிறுத்தாதீர்கள். பழையதையும் புதியதையும் கலந்து, பத்து நாளில் மெல்ல மெல்ல மாற்ற வேண்டும். புல்லும் பெலற்றும் தானாகத் தின்கிற குட்டிக்குப் பசும்பால் எதற்கு? அது கழிச்சலில்தான் முடியும்.

தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி சின்சில்லாக் குட்டிகளின் கழிச்சலுக்கு அறிந்த காரணம். கொதிக்க வைத்தால் அது சாகும். நம் கிணறுகளின் நைத்திரேற்று கொதியில் போகாது, சாதாரண வடியிலும் போகாது, ஆகையால் ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய குடிநீரைக் கொதிக்க வைப்பது மேல்.

காலையில் புழுக்கையைப் பாருங்கள். நெல்மணி அளவில், உலர்ந்து, ஒரே சீராக, ஓரிரவில் நூற்றுக்கு மேல் கிடக்க வேண்டும். சிறுத்து, நுனி கூரானால் புல் போதவில்லை. இளகியோ சளியோடோ இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த புழுக்கையைச் சிறு போத்தலில் போட்டு ஒட்டுண்ணிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் புழுக்கையே இல்லை என்றால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

---

கேள்வி: எட்டு மாதக் கடுவன் சின்சில்லா. 390 கிராம் இருந்தது, இப்போது 340. பெலற்றை வாயில் எடுத்துவிட்டுப் போட்டுவிடுகிறது. நாடி எப்போதும் ஈரம். ஏதாவது தொற்று என்று நினைத்து, மகளுக்கு வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலின் சிறப் இரண்டு சொட்டுக் கொடுக்கலாமா? *(வாசகர், நல்லூர்)*

பதில்: கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு மருந்தாவது சின்சில்லாவுக்கு நஞ்சு. அதன் பெருங்குடலில் புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல பற்றீரியாக்களை அமொக்சிசிலின் அழித்துவிடும். அந்த இடத்தில் குளொஸ்ரிடியம் என்ற கெட்ட பற்றீரியா பெருகி நஞ்சு சுரக்கும். சில நாளில் கழிச்சல் கண்டு சாகும். வாய்வழி பெனிசிலின் வகைகள், லிங்கோமைசின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் எல்லாம் இந்தப் பட்டியலில்தான். நம் பக்கத்துக் கால்நடை வைத்தியர்கள் ஆடு, மாடு, நாய் பார்த்துப் பழகியவர்கள். சின்சில்லா அவர்கள் மேசைக்கு வருவது அருமை. இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் மூன்றும் பல்லைத்தான் காட்டுகின்றன. சின்சில்லாவுக்கு இருபது பல். கடைவாய்ப் பல் உட்பட இருபதும் ஆயுள் முழுக்க வளரும். புல்லை அரைக்காமல் பெலற்றையும் மென்மையான தீனையும் மட்டும் தின்றால் கடைவாய்ப் பல் தேயாது. ஓரம் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும், வேர் கண்ணுக்கும் தாடைக்கும் தள்ளும். அப்போது எச்சில் வடியும், கண்ணில் நீர் வரும். பசி இருக்கும், தின்ன முடியாது. கீழ்த்தாடையின் அடிவிளிம்பை இரண்டு பக்கமும் விரலால் தடவுங்கள். சிறு முடிச்சுகள் தட்டுப்பட்டால் வேர் நீண்டிருக்கிறது. முன்பல்லின் நிறத்தையும் பாருங்கள். வளர்ந்த சின்சில்லாவுக்கு அது மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருப்பதுதான் இயல்பு. எட்டு மாதத்திலும் வெளுத்திருந்தால் கல்சியக் குறைவைச் சந்தேகிக்கலாம். குட்டிக்கு மட்டும் வெளுத்திருப்பது குற்றமல்ல, போகப் போக நிறம் ஏறும்.

முன்பல் சரியாகத் தெரிகிறது என்று விட்டுவிட முடியாது. கடைவாயை மயக்கம் கொடுத்துத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். தலைக்கு எக்ஸ்ரேயும் வேண்டும். இங்கே அந்த வசதி இல்லையென்றால், உங்கள் வைத்தியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்குப் போவதே வழி. குளிர் ஏற்பாடு இல்லாத வாகனத்தில் பகலில் கொண்டுபோக வேண்டாம்.

அதுவரை உயிரைப் பிடித்து வைக்க, பெலற்றை மாவாக அரைத்து, கொதித்து ஆறிய நீரில் ஊறவைத்து, நீர்த்த கஞ்சிப் பதத்தில் ஊசி கழற்றிய ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சால் ஊட்டுங்கள். 340 கிராமுக்கு நாளொன்றுக்கு 17 முதல் 25 மில்லிலீற்றர், ஐந்தாறு தரமாகப் பிரித்து. சிரிஞ்சை முன்பல்லுக்குப் பின்னால் வாயின் பக்கவாட்டிலிருந்து விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்கிய பிறகே அடுத்ததை. மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் நுரையீரலுக்குள் போகும். வயிறு மத்தளமாக இறுகியிருந்தால் ஊட்டவே கூடாது.

---

கேள்வி: அண்ணன் தம்பி என்று சொல்லி இரண்டு சின்சில்லா தந்தார்கள். ஐந்து மாதம். ஒன்று 380 கிராம், மற்றது 280. ஒரே கூடு, ஒரே தீன். சின்னது ஏன் பின்தங்குகிறது? *(வாசகர், பருத்தித்துறை)*

பதில்: ஒரே தீன் வைக்கிறீர்கள். ஒரே அளவு தின்கின்றனவா? பெரியது கோப்பைக்கு முன்னால் குந்திக்கொண்டால் சின்னதுக்கு மிச்சம்தான். சின்னதின் முதுகிலும் காதிலும் மயிர் கொத்தாகக் கழன்ற இடம் இருக்கிறதா பாருங்கள். இரண்டு கோப்பை, இரண்டு தண்ணீர்ப் போத்தல், இரண்டு புல்லுக்கூடை, கூட்டின் எதிரெதிர் மூலையில் வையுங்கள். ஒளிய இரண்டு பெட்டி வேண்டும், ஒவ்வொன்றிலும் இரண்டு வாசலோடு. பத்து நாள் தனித்தனியே நிறுத்துக் குறியுங்கள். எடை ஏறாவிட்டால் கூட்டையே பிரிக்க வேண்டும்.

அதற்கு முன்னம் இரண்டும் கடுவன்தானா என்று உறுதி செய்யுங்கள். பெட்டைக்கும் சிறுநீர் கழிக்கும் சிறு கூம்பு துருத்தி நிற்பதால் கடுவன் என்று தவறாக எண்ணுவது சாதாரணம். கூம்புக்கும் மலவாசலுக்கும் இடையில் தெளிவான இடைவெளி இருந்தால் கடுவன். ஒட்டியபடி இருந்தால் பெட்டை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். ஒன்று பெட்டை என்றால் இன்றைக்கே பிரியுங்கள். இரண்டு மூன்று மாதத்திலேயே இவை சினைப்படக்கூடும். கர்ப்பகாலம் ஏறக்குறைய 111 நாள். 280 கிராம் பெட்டையின் இடுப்பெலும்பு பிரசவத்துக்கு விரிந்திருக்காது, வயிற்றில் வளரும் குட்டி தாயின் வளர்ச்சியையும் தின்றுவிடும். ஏற்கனவே சேர்ந்திருந்தால், பிரித்த நாளைக் குறித்துவைத்து 111 நாள் வரை எடையைப் பாருங்கள். சின்னது சட்டென எடை ஏறத் தொடங்கினால் தேறிவிட்டது என்று மகிழ முன்னம் வைத்தியரிடம் காட்டுங்கள்.

---

கேள்வி: சின்சில்லாவுக்கு மண் குளியல் வேண்டுமாம். மணற்காட்டு மணலை அரித்துப் பாவிக்கலாமா? பேபி பவுடர்? *(வாசகி, சுண்டிக்குளி)*

பதில்: இரண்டும் வேண்டாம். கடற்கரை மணல் பருக்கை. மயிரின் அடிக்குப் போகாது, தோலைக் கீறும், உப்பும் இருக்கும். பவுடர் மூச்சோடு நுரையீரலுக்குப் போகும். சின்சில்லாத் தூள் என்று விற்கும் நுண்ணிய எரிமலைத் தூளையே வாங்குங்கள். ஒரு கனத்த கிண்ணத்தில் மூன்று சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் போட்டு, கிழமைக்கு இரண்டு மூன்று தரம், பத்துப் பதினைந்து நிமிடம். பிறகு எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் அதற்குள்ளேயே சிறுநீர் கழிக்கும், கண்ணும் சிவக்கும். தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது. நம் ஈரப்பதனில் அந்த மயிர் அடியில் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும்.

---

கேள்வி: ஆறு கிழமைக் கினிப்பன்றிக் குட்டி. வளரவில்லை, பின்னங்காலை இழுத்து நடக்கிறது, தொட்டால் கத்துகிறது. முயல் பெலற்றும் வேலியில் நிற்கும் கிளிசரியா இலையும் கொடுக்கிறோம். *(வாசகர், சாவகச்சேரி)*

பதில்: விற்றமின் சி குறைவு போலத் தெரிகிறது. மனிதரைப் போலவே கினிப்பன்றியாலும் அதை உடலில் செய்துகொள்ள முடியாது. முயலால் முடியும் என்பதால் முயல் பெலற்றில் அது சேர்ப்பதில்லை. உடலெடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், நோயுற்றதற்கு 30. நூறு கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆக, உங்கள் குட்டிக்குப் பெருவிரல் நகமளவு கொய்யாத் துண்டு நாளாந்தத் தேவைக்குத் தாராளம். மூட்டு வலி உள்ளதால் வைத்தியர் பார்த்து மருந்தளவில் தொடங்குவது பாதுகாப்பு. அதுவரை தூக்கி விளையாட வேண்டாம். கினிப்பன்றிப் பெலற் வாங்கினால் தயாரித்த திகதியைப் பாருங்கள்; மூன்று மாதத்தில் அதிலுள்ள சி பெரும்பாலும் போய்விடும்.

கிளிசரியாவை இன்றோடு நிறுத்துங்கள். ஆடு தின்னும், அதன் இரைப்பை வேறு. மத்திய அமெரிக்காவில் அந்த மரத்தின் பட்டையையும் விதையையும் எலிக்கு நஞ்சாக வைத்தார்கள். கினிப்பன்றியும் எலியின் உறவுதான். இபில் இபில் இலையும் வேண்டாம், அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுப் பொருள் மயிரை உதிர்க்கும்.

---

கேள்வி: மகன் பிறந்தநாளுக்குச் சின்சில்லா கேட்கிறான். எங்கள் வீடு அஸ்பெஸ்டஸ் கூரை, ஏசி இல்லை. வாங்கலாமா? *(வாசகி, மானிப்பாய்)*

பதில்: வேண்டாம். மகனுக்குக் கினிப்பன்றி இரண்டு வாங்கிக் கொடுங்கள், இரண்டும் பெட்டையாக. அதற்கும் வெக்கை ஆகாது. அஸ்பெஸ்டஸின் கீழே வைக்காமல், மாமர நிழல் விழுகிற விறாந்தையின் வடக்குப் பக்கத்தில், கீரியும் பூனையும் நுழையாத கம்பி வலைக்குள் கூட்டை வையுங்கள்.